நிறுமப் பதிவாளர் (தமிழ்நாடு)

நிறுமப் பதிவாளர் என்பவர் இந்தியாவில் நிறுமங்களைப் பதிவு செய்து, அவை சட்டப்படி அளிக்க வேண்டிய ஆவணங்களைப் பெற்று, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் நடுவண் அரசு அலுவலர் ஆவார். பேச்சு வழக்கில் இவரைக் கம்பெனிப் பதிவாளர் என்பர். இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் இதே பணியைக் கம்பனிப் பதிவாளர் செய்கிறார். இந்தியாவில் இப்பதவி நிறும அலுவல்கள் அமைச்சகத்தின் கீழ் அமைந்துள்ளது. இதன் அதிகாரங்கள் 2013 ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பதிவாளர் அலுவலகங்கள் உண்டு.

பதிவாளரின் பணிகளை விளக்க நெய்வேலி தக்க எடுத்துக்காட்டாகும். கடலூர் மாவட்டத்திலுள்ள இந்நகரியமே ஒரு நிறுமத்தால் உருவானது. நெய்வேலிக்குப் புதுச்சேரி அருகில் உள்ளது. புதுச்சேரிக்கெனத் தனிப் பதிவாளரும் உண்டு. எனினும் எல்லை மாநிலத்தைப் பொறுத்தது என்பதால் நெய்வேலி நிறுமங்களுக்குச் சென்னையே பதிவிடம்.

நெய்வேலி நிறுமத்தின் பதிவு

இந்தியாவில் நிறுமப் பதிவு 1850 ஆம் ஆண்டுச் சட்டத்துடன் தொடங்கியது. அப்போது கல்கத்தா, சென்னை, பம்பாய் உச்ச நீதிமன்றங்களே அப்பணியைச் செய்தன. விடுதலைக்குப் பிந்தைய நிறுமங்கள் சட்டம் 1956 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. சுரங்கப் பணியை சவகர்லால் நேரு 1957 மே 20 அன்றுதான் தொடங்கி வைத்தார். முதல் மண்வெட்டு விழுவதற்கு ஆறு மாதம் முன்னரே சொத்து வாங்கவும் ஒப்பந்தம் செய்யவும் வழக்காடவும் வல்ல ஒரு சட்ட ஆள் தோன்றிவிட்டது. பதிவு என்பதன் பொருள் இதுவே.

இந்நிறுமத்தின் பதிவு அலுவலகம் சென்னையிலும் தலைமை நிருவாக அலுவலகம் நெய்வேலியிலும் உள்ளன. சட்டம் முதலாவதை மட்டுமே நிறுமத்தின் முகவரியாகக் கொள்கிறது. பதிவாளரின் அறிவிப்புகள் அம்முகவரிக்கே செல்லும். சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி ஒவ்வொரு அலுவலகத்தின் வெளியிலும் நிறுமத்தின் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் எழுதி வைத்தல் வேண்டும். அவ்வெழுத்து அவ்வட்டார மொழிக்குரியதல்ல எனில், வட்டார மொழி எழுத்திலும் எழுத வேண்டும். அதாவது தமிழ்நாட்டில் நிறுமத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் இடம்பெறுவது நடுவண் சட்டத்தாலேயே கட்டாயமாகும். இது பலரும் அறியாத விதி.

அடையாள எண்

ஒவ்வொரு நிறுமத்துக்கும் 21 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அடையாள எண் உண்டு. நெய்வேலி நிறுமத்தின் எண் எல்-93090-டிஎன்-1956-ஜிஓஐ-003507 என்பதாகும் (இடைக்கோடுகள் வாசிப்பு எளிமைக்காக இங்கு இடப்பட்டவை). இதில் 'எல்' என்பது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்பதையும், அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகையையும், 'டிஎன்' தமிழ்நாட்டையும், 1956 பதிவு ஆண்டையும், 'ஜிஓஐ' இந்திய அரசு நிறுமம் என்பதையும், இறுதி ஆறு இலக்கங்கள் பதிவெண்ணையும் குறிக்கும். 93090 என்னும் தொழில் குறியீடு சுரங்கத்துக்கோ மின்னாக்கத்துக்கோ உரியதன்று. ஆகவே இக்குறியீட்டை மட்டும் கொண்டு ஒரு நிறுமம் என்ன செய்கிறது என முடிவு செய்தல் கூடாது.

துணை நிறுமங்கள் தனிச் சட்ட ஆட்களாதலால் அவற்றுக்குத் தனி எண்கள் உண்டு. தமிழ்நாடு மின்வாரியத்துடன் கூட்டாக 2005 இல் அமைந்த என்எல்சி தமிழ்நாடு மின் நிறுமம் (தூத்துக்குடி அனல்மின் நிலையம்), 2012 இல் அமைந்த நெய்வேலி உத்தரப் பிரதேச மின் நிறுமம் ஆகியவை இத்தகையன. தாய் நிறுமம் ஆவணம் அளித்தது என்பதால் துணை நிறுமத்தின் கடமை தீர்வதில்லை.

பெயர் மாற்றம்

2016 ஆம் ஆண்டில் நிறுமத்தின் பெயர் என்எல்சி இந்தியா லிமிடெட் என மாற்றப்பட்டது. பெயரிலிருந்து 'நெய்வேலி' என்ற சொல் மறைவதைத் தமிழ்நாட்டின் அரசியல் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. பெயர் மாற்றத்துக்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் அரசு ஒப்புதலும் தேவை. பின்னர் பதிவாளர் புதிய பெயரில் சான்றிதழ் வழங்குவார். அந்நாள் முதலே மாற்றம் செல்லுபடியாகும். ஊர்மக்களின் கருத்தைக் கேட்க இந்நடைமுறையில் இடமில்லை. வாக்கு பங்குதாரருக்கே உரியது. பெயர் மாறினும் பழைய கடன்களும் ஒப்பந்தங்களும் வழக்குகளும் தொடரும். பதிவெண்ணும் மாறுவதில்லை.

2013 பங்கு விற்பனை

நிறுமங்கள் பின்பற்ற வேண்டிய விதிகள் அனைத்தும் பதிவாளரிடமிருந்து வருவன அல்ல. பட்டியலிடப்பட்ட பொதுத்துறை நிறுமங்களில் குறைந்தது 10 விழுக்காட்டுப் பங்கு 2013 ஆகத்துக்குள் பொதுமக்களிடம் இருத்தல் வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதியாகும். அப்போது நெய்வேலி நிறுமத்தில் நடுவண் அரசின் பங்கு 93.56 விழுக்காடு. எஞ்சிய 3.56 விழுக்காட்டை விற்க அரசு முற்பட்டபோது தொழிலாளர்கள் தனியார்மயத்துக்கு அஞ்சி 2013 சூலையில் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ்நாடு அரசு தன் ஐந்து பொதுத்துறை நிறுவனங்கள் வழியே அப்பங்குகளை வாங்க முன்வந்தது. செபியும் அதை ஏற்றது. இவ்வாறு விதியும் நிறைவேறியது, பங்குகளும் அரசு சார்ந்தோரிடமே நின்றன. அச்சிக்கல் அத்துடன் ஓயவில்லை. பிற்கால விற்பனைகளால், 2024 மார்ச்சுக்குப் பின் நடுவண் அரசின் பங்கு 72.2 விழுக்காடாகக் குறைந்தது. 51 விழுக்காட்டுக்குக் குறையாதவரை சட்டப்படி அது அரசு நிறுமமே.

ஆண்டு ஆவணங்கள்

நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30 க்குள், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தப்பட வேண்டும். கூட்டம் முடிந்து 30 நாட்களுக்குள் நிதிநிலை அறிக்கைகளும் (படிவம் ஏஓசி-4), 60 நாட்களுக்குள் ஆண்டு விவரத்தாளும் (படிவம் எம்ஜிடி-7) பதிவாளருக்குச் சேர வேண்டும். 2018 சூலை முதல் இவற்றின் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். அரசு நிறுமங்களுக்குத் தணிக்கையாளரை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் நியமிப்பார். ஆண்டறிக்கை நாடாளுமன்றத்திலும் வைக்கப்படும்.

பெரிய நிறுமத்தில் இதற்கெனவே நிறுமச் செயலர் ஒருவர் இருப்பார். நகரியத்தில் இருவர் சேர்ந்து தொடங்கிய ஒப்பந்தப் பணி நிறுமத்தில் அப்படி ஒருவர் இருப்பதில்லை. தொழில் நின்றுவிட்டது, எனவே ஆவணம் அளிக்க வேண்டாம் எனப் பலர் கருதுகின்றனர். இது தவறு. முறையாகக் கலைக்கப்படாத அல்லது பதிவேட்டிலிருந்து நீக்கப்படாத நிறுமம் சட்டத்தின் பார்வையில் உயிருடன் உள்ளது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆவணம் அளிக்காத நிறுமத்தின் இயக்குநர் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார். 2017-18 இல் மட்டும் நாடெங்கும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறுமங்களின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றின் வங்கிக் கணக்குகளும் முடக்கப்பட்டன.

பொதுமக்களுக்கான பணிகள்

2006 இல் தொடங்கிய எம்சிஏ-21 திட்டத்துக்குப் பின் ஆவணங்கள் மின்வடிவில் பெறப்படுகின்றன. முன்னர் ஆவணம் பார்க்கச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. இப்போது நிறுமத்தின் பெயர், முகவரி, மூலதனம், இயக்குநர்கள் போன்ற அடிப்படைத் தரவுகளை அமைச்சக இணையத்தளத்தில் கட்டணமின்றிக் காணலாம். தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களை 100 ரூபாய் செலுத்தி எவரும் பார்வையிடலாம். காரணம் கூற வேண்டியதில்லை. இவ்வழி இருப்பதால் அதே ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கோர இயலாது என 2012 இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்வசதியின் பயன் பெரும்பாலும் பணம் போடுவதற்கு முன்தான். ஓய்வுபெற்றவர்களிடம் வைப்புநிதி கேட்டு வருவோர் காட்டும் பதிவுச் சான்றிதழ், அந்நிறுமம் பதிவாகியுள்ளது என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும். வைப்புநிதி திரட்ட அது உரிமம் ஆகாது. அந்நிறுமத்தின் நிதிநிலைக்கு அரசு தரும் உறுதியும் ஆகாது. நிலம், எந்திரம் முதலியவற்றின் மீது நிறுமம் பெற்ற கடன்களுக்கான பொறுப்புரிமைப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்ப்பது நலம்.

ஏழு ஆண்டுகள் கோரப்படாத பங்காதாயம் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குச் செல்கிறது; அதற்குரிய பங்குகளும் மாற்றப்படுகின்றன. இறந்த பங்குதாரரின் வாரிசுகள் படிவம் ஐஇபிஎஃப்-5 மூலம் அவற்றைத் திரும்பப் பெறலாம். இதற்கு விண்ணப்பிக்க வேண்டியது நிதிய ஆணையத்திடமே, பதிவாளரிடமன்று.

கூட்டுறவுச் சங்கங்கள், பங்காண்மை நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள் ஆகியவை நிறுமப் பதிவாளரின் கீழ் வருவன அல்ல. அவை மாநில அரசின் வெவ்வேறு பதிவாளர்களிடம் பதிவாகின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்கை எம்சிஏ-21 இல் தேடினால் கிடைக்காது. அதற்குக் கூட்டுறவுத் துறையையே அணுக வேண்டும்.