மீனும் பாலும் சேரலாமா? ஈஸியான கொடுவா பேக்டு பாஸ்தா!

சிறுசேரி சிப்காட்டில் வேலை முடிந்து வீடு சேரவே இரவு 8 மணியா? ஒரே ட்ரேயில் டின்னர் ரெடி செய்யலாம். முள் குறைவான கொடுவா மீன் இதற்குப் பொருத்தம். பக்கத்து முட்டுக்காட்டில்தான் 1997-ல் கொடுவா குஞ்சு உற்பத்தி வெற்றி பெற்றது.

200 கிராம் பாஸ்தாவை முக்கால் பதத்தில் வேகவைக்கவும். 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் அதே அளவு மைதாவை வறுத்து, 2 கப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் க்ரீம் தயார். உப்பு, மிளகுத்தூள், பாஸ்தா, முள் நீக்கிய 300 கிராம் மீன் துண்டுகள் சேர்த்து, சீஸ் தூவி, சூடான அவனில் 200 டிகிரியில் 20 நிமிடம் பேக் செய்யவும். மீனைத் தனியாக வறுக்கத் தேவையில்லை.

மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்று பாட்டி தடுக்கிறாரா? உடலின் எதிர்ப்பு சக்தியே நிறமி செல்களைத் தாக்குவதால் வருவது அது. உணவுச் சேர்க்கையால் அல்ல. பாட்டிக்கும் ஒரு தட்டு வையுங்கள்!