வாய் பேசாத குழந்தைக்கும் வார்த்தை உண்டு



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி, சில ஆண்டுகளுக்கு முன் தம் ஒன்பது வயது மகளை இடுப்பில் சுமந்தவாறு எங்கள் மதரஸா வாசலில் வந்து நின்றார். "இவளையும் ஓதச் சேர்த்துக்கொள்ளுங்கள் ஹஜ்ரத்" என்றார். சிறுமியின் தலை நிலைகொள்ளவில்லை. வாயோரம் உமிழ்நீர் வழிந்தது. பெயரைக் கேட்டேன், பதில் இல்லை. "பேச்சு வரட்டும் அம்மா, பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டேன். அன்று நான் செய்தது பெருந்தவறு. அத்தவறு உங்கள் இல்லத்திலும் மஹல்லாவிலும் நிகழாதிருக்கவே இதனை எழுதுகிறேன்.

மூளை முடக்குவாதம் என்பது தொற்றுநோயன்று, சாபமுமன்று. கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த சிறு பருவத்திலோ வளரும் மூளைக்கு நேரும் சேதத்தின் விளைவு அது. குறைமாதப் பிறப்பு, பிராணவாயுக் குறைவு, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை அதன் காரணங்களுட் சில. கைகால்களை இயக்கும் ஆற்றல் குன்றுவதைப் போலவே, நாவையும் உதடுகளையும் இயக்கும் ஆற்றலும் சிலருக்குக் குன்றிவிடுகிறது. ஆகவே பேச்சு வராததைக் கொண்டு அறிவில்லை என்று முடிவு கட்டலாகாது. சொல்ல நிறைய இருந்தும் சொல்ல வழியின்றித் தவிக்கும் குழந்தைகள் பலர்.

அவ்வழியைத் திறந்துவிடும் முயற்சிகள் புதியன அல்ல. சார்லஸ் பிளிஸ் என்பவர் உலக மக்கள் அனைவருக்கும் பொதுவாக வகுத்த சித்திரக் குறியீடுகளை, 1971-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேச இயலாத இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பித்தனர். குழந்தைகள் குறிகளைச் சுட்டிக்காட்டிப் பேசத் தொடங்கினர். நம் சென்னையில், மூளை முடக்குவாதமுள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கிய நிறுவனமே இன்று கோட்டூர்புரத்தில் 'வித்யா சாகர்' என்னும் பெயரில் இயங்கி வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன், அந்நிறுவனத்தாருடன் இணைந்து 'ஆவாஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குழந்தைக்காகக் குரல் கொடுக்கும். 2010-ஆம் ஆண்டின் தேசிய விருதைப் பெற்ற அக்கருவி, பின்னர் டேப்லெட்டில் இயங்கும் செயலியாகவும் வந்தது. மும்பையின் மாலினி சிப் என்னும் பெண்மணி ஒரே விரலால் தட்டச்சுச் செய்தே லண்டனில் இரு முதுகலைப் பட்டங்கள் பெற்றார்; தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

"அவ்வளவு விலை கொடுத்துக் கருவி வாங்க எங்களால் ஆகுமா?" என்று கேட்பீர்கள். கருவி இல்லாமலும் இன்றே தொடங்கலாம். முதலில் 'ஆம்', 'இல்லை' இரண்டிற்கும் ஒவ்வோர் அடையாளத்தை உறுதிசெய்யுங்கள். மேலே பார்த்தால் 'ஆம்', பக்கவாட்டில் பார்த்தால் 'இல்லை' என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து, பாலையும் தண்ணீரையும் இரு புறமும் காட்டி எது வேண்டுமென்று கேளுங்கள். பார்வை செல்லும் திசையே பதில். பின்னர் ஓர் அட்டையில் சோறு, தண்ணீர், வலி, கழிப்பறை, அத்தா, அம்மா, விளையாட்டு ஆகியவற்றின் படங்களை ஒட்டுங்கள். நீங்கள் பேசும்போதும் அப்படங்களைத் தொட்டுக் காட்டியே பேசுங்கள். கேட்டபின் அவசரப்படாமல் காத்திருங்கள். அக்குழந்தைக்கு விடை தரச் சற்று நேரம் ஆகும். படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராமற்போகும் என்ற அச்சம் வேண்டாம். அது பேச்சைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன.

உரிமைகளையும் அறிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்தகைய மாற்றுவழித் தொடர்பு முறைகளையும் தகவல் தொடர்பு என்றே ஏற்கிறது. அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் திருவள்ளூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமும் உள்ளது.

நம் மார்க்கச் சட்ட மரபோ இதனை முன்னரே ஏற்றுக்கொண்டது. உதுமானியர் காலச் சட்டத் தொகுப்பான 'மஜல்லா'வின் 70-ஆம் விதி, பேச இயலாதவரின் அறியப்பட்ட சைகை நாவின் வாக்குமூலத்திற்குச் சமம் என்கிறது. இதனைக் கற்றிருந்த நானே அச்சிறுமியிடம் நாவின் வாக்குமூலத்தைக் கேட்டேனே!

ஈராண்டுகள் கழித்து அத்தாய் மீண்டும் வந்தார், கையில் ஒரு பட அட்டையுடன். "இப்போது கேட்டுப் பாருங்கள் ஹஜ்ரத்" என்றார். நான் அலிஃப், பே, தே என்று ஓதிக்கொண்டே வந்து, சோதிப்பதற்காக ஜீமை விட்டுவிட்டு ஹேயைச் சொன்னேன். சிறுமி உரக்க ஒலியெழுப்பி, பார்வையைப் பக்கவாட்டில் திருப்பினாள். 'இல்லை!' வீட்டில் அண்ணன் ஓதுவதைக் கேட்டுக் கேட்டே எழுத்துகள் அனைத்தையும் அவள் அறிந்திருந்தாள். நான் திருப்பியனுப்பிய அன்றும் அறிந்தேயிருந்தாள் என்றார் தாய். எனக்குத் தலை நிமிரவில்லை.

இன்று முதல் வரிசையில் அவளுக்கென ஒரு நாற்காலி உண்டு. வாசகர்களே, உங்கள் தெருவிலும் உள்ளறையில் ஒரு குழந்தை இருக்கலாம். அதனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையுடன் காத்திருங்கள்.