காது மறைப்பதை மைக் சொல்லிவிடும்

வீட்டில் கிட்டார் வாசித்து அதைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறவர்களுக்கு முதல் நாளே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. வாசிக்கும்போது தெளிவாக, இனிமையாக இருந்தது. காணொளியைப் போட்டுக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. பழி உடனே மைக்கின் மேல் விழும். நல்ல மைக் ஒன்று வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். வாங்கினால் கிணறு இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பொருள் அதிகம் இல்லாத அறையில் யாரையாவது பேசச் சொல்லிவிட்டு, ஒரு காதை விரலால் இறுக மூடிக்கொள்ளுங்கள். அதுவரை தெரியாத ஒரு முழக்கம் அந்த அறையில் இருப்பது தெரியவரும். விரலை எடுத்ததும் அது அடங்கிவிடும். அறையில் எதுவும் மாறவில்லை. இரண்டு காதுகளுக்கும் வருகிற ஒலியை மூளை ஒப்பிட்டு, எது நேராக வந்தது, எது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது என்று பிரித்து, திரும்பி வந்ததை அமுக்கிவைக்கிறது. ஒரு காதை மூடிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

பத்தடி அறையின் நடுவில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து கிளம்பும் ஒலி, சுவரில் பட்டுத் திரும்பிவர ஏறக்குறைய 9 மில்லி வினாடி ஆகும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் வரும் எதிரொலியை நாம் தனி ஒலியாகக் கேட்பதே இல்லை. ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதை அளந்து காட்டினார். 5 முதல் 30 மில்லி வினாடி வரை தாமதித்து வரும் எதிரொலி, மூல ஒலியைவிட 10 டெசிபல் உரக்க இருந்தாலும்கூட, முதலில் வந்ததே முழு ஒலியும் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. மைக்குக்குப் பின்னால் அப்படி ஒரு மூளை கிடையாது. வந்ததையெல்லாம் அது எழுதிவைக்கிறது. பிறகு அதை நாம் ஒலிபெருக்கியில் கேட்கும்போது கிட்டாரும் சுவரும் ஒரே துளையிலிருந்து, ஒரே திசையிலிருந்து வருகின்றன. இரண்டு காதுகள் இருந்தும் பிரிக்க முடிவதில்லை.

ஆக, பதிவாவது பாதி கிட்டார், பாதி அறை. அறையைச் சரிசெய்யும் கலைக்கு ஒரு கணக்கு உண்டு என்பதைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில், பேசிய ஒரு சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆனது. அதற்குள் அடுத்து ஏழெட்டுச் சொற்கள் வந்து அதன்மேல் விழும். இருபத்தேழு வயது சபைனிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் கையில் ஓர் ஆர்கன் குழல், ஒரு நேரமானி, கேட்பதற்கு அவருடைய காது. பகலில் தெருச்சத்தம் என்பதால் நள்ளிரவுக்கு மேல் வேலை. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து கூடத்தில் பரப்புவார். குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் வரை எண்ணுவார். பொழுது விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். ஒலிப்பதிவுக் கூடங்களின் அறிவியல் மெத்தை சுமந்துதான் பிறந்தது.

அவர் கண்ட விதி எளிது. அறையின் கன அளவை 0.049ஆல் பெருக்கி, அறையிலுள்ள எல்லாப் பரப்புகளும் சேர்ந்து விழுங்கும் ஒலியளவால் வகுத்தால், முழக்கம் அடங்க ஆகும் வினாடிகள் கிடைக்கும் (அடிக்கணக்கில்). விழுங்கும் அளவுக்கு அவர் வைத்த அலகு திறந்த சன்னல்: வெளியே போன ஒலி திரும்பாது, எனவே ஒரு சதுர அடித் திறப்பு ஒன்று.

நம் வீட்டில் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி. கன அளவு 1,000 கன அடி, சுவர், தரை, கூரை சேர்ந்து 600 சதுர அடி. பூசிய சுவரும் தரையும் தம்மேல் படும் ஒலியில் சுமார் நூற்றில் மூன்று பங்கைத்தான் விழுங்கும். மொத்தம் 18 அலகு. காலி அறையில் முழக்கம் 2.7 வினாடி! அதில் 100 சதுர அடியை, படும் ஒலியில் பாதியை விழுங்கும் தடித்த மெத்தையாலும் போர்வையாலும் மூடினால், விழுங்கும் அளவு 65 அலகாகி முழக்கம் முக்கால் வினாடிக்கு இறங்கிவிடுகிறது. மெத்தைக்கு வழியில்லை, மூன்றடிக்கு நாலடி சன்னல் ஒன்று இருக்கிறது என்றால், அதைத் திறந்தாலே 12 அலகு, அதாவது மொத்தச் சுவரில் மூன்றில் இரண்டு பங்கு வேலை. ஆட்டோ ஹாரனும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் அதே வழியாக உள்ளே வரும் என்பது வேறு விஷயம்.

துணியைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடுவது பாதி வீண். ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் ஆடுவது. சுவரை ஒட்டிய காற்று ஆட முடியாமல் நிற்கும். சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் ஆட்டம் அதிகம். துணியின் இழைகள் அங்கே இருந்தால்தான் அந்த ஆட்டத்தை உரசி வெப்பமாக்கும். அதனால் கொடி கட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போர்வையைத் தொங்கவிடுங்கள். அதே போர்வை 400 ஹெர்ட்ஸ் வரை இறங்கி வேலை செய்யும். கதவைத் திறந்துவைத்த துணி அலமாரி இன்னும் நல்லது. முட்டை அட்டை ஒட்டுகிறவர்களைப் பார்க்கும்போது பாவமாக இருக்கிறது. மெல்லிய காகிதக்கூழ் கீச்சொலியில் கொஞ்சத்தைத் தின்னும், மற்றபடி தீப்பிடிக்கத்தான் உதவும்.

தாழ்ந்த ஒலியிடம் எந்தப் போர்வையும் தோற்றுவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் பதினோரு அடிக்கு மேல். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே இப்படிப்பட்ட அலைகள் மாட்டிக்கொண்டு நின்று அதிரும். பத்தடி இடைவெளியில் அவை சுமார் 57, 114 ஹெர்ட்ஸில் அமைகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருந்தால் மூன்று திசையிலும் அதே எண்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். கிட்டாரின் ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ், முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் 117. அந்த இரண்டு சுரங்கள் மட்டும் ஏன் பொம்மென்று வீங்குகின்றன என்று கிட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம். நாற்காலியை ஓரிரண்டு அடி நகர்த்தினால் சுரத்தின் எடை மாறும். அறையின் நட்டநடுவும் மூலையும் வேண்டாம்.

மூலை என்றதும் ராபர்ட் ஜான்சன் நினைவுக்கு வருகிறார். 1936 நவம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், குன்டர் ஓட்டல் அறை ஒன்றில்தான் அந்த ப்ளூஸ் கலைஞரின் முதல் பதிவுகள் நடந்தன. ஒருமுறை அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வாசித்தார் என்று பதிவை நடத்திய டான் லா பின்னாளில் சொன்னார். கூச்சம் என்பது அவர் எண்ணம். கிட்டார் கலைஞர் ரை கூடர் வேறு மாதிரி நினைத்தார்: மூலையில் குவியும் ஒலியின் செறிவுக்காக ஜான்சன் வேண்டுமென்றே அப்படி உட்கார்ந்திருக்கலாம். எனக்குக் கூடரின் ஊகம்தான் பிடித்திருக்கிறது, நிரூபிக்க வழியில்லை என்றாலும்.

இனி மைக்கை எங்கே வைப்பது? ஒலி வெளியே வருவதற்கென்றே ஒரு துளை இருப்பதால், எல்லோரும் அதற்கு நேரே வைக்கிறார்கள். அந்தத் துளையும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து சுமார் 100 ஹெர்ட்ஸில் தானே அதிரும் ஓர் அமைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய அதிர்வு அது. துளைக்கு நேரே கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பொம்மல்தான். தந்தியின் அதிர்வு பாலம் வழியாக இறங்கி மேற்பலகை முழுவதையும் ஆட்டுகிறது, கழுத்துப் பக்கம் விரல் நகரும் ஒலி, தந்தியின் பளிச்சென்ற ஒலி எல்லாம் இருக்கின்றன. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரே, ஓரடி தள்ளி வைத்தால் எல்லாம் கலந்து சீராக வரும்.

அந்த ஓரடிதான் முக்கியம். கிட்டாரிலிருந்து நேராக வரும் ஒலி தூரத்தின் இருமடியாகக் குறையும். அறையின் முழக்கமோ எங்கே வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவு. எட்டடியிலிருந்து ஓரடிக்கு மைக்கைக் கொண்டுவந்தால் நேர் ஒலி 64 மடங்கு பெருகும். எந்த விலை மைக்கும் தராத லாபம் இது.

ஆனால் ஆள் முழுதாகப் படத்தில் தெரியக் கைப்பேசி எட்டடி தள்ளி நிற்க வேண்டும். ஒரே கருவியை இரண்டு இடத்தில் வைக்க முடியாது. இங்கேதான் மேசை இழுப்பறையில் தூங்கும் பழைய கைப்பேசிக்கு வேலை. புதியது படத்துக்கு, பழையது ஒலிக்கு. தொடங்கும்போது இரண்டுக்கும் கேட்க ஒரு கைத்தட்டு. பிறகு கணினியில் இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டியதுதான். சினிமாக்காரர்கள் கிளாப் பலகையில் செய்வதும் இதுவே.

பழைய கைப்பேசியின் மைக் அவ்வளவு தாங்குமா என்று கேட்கலாம். தாங்கும். 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும், நிலையாக மின்னேற்றம் தங்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து மலிவான மைக் ஒன்றை உருவாக்கினார்கள். சட்டைக் காலரில் மாட்டும் மைக்குகள் பலவும் அந்தக் குடும்பம். இன்றைய கைப்பேசியில் இருப்பது சிலிக்கான் சில்லில் செதுக்கிய, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத படலம். படலம் நல்லதுதான். கெடுப்பது அதன் பின்னாலிருக்கும் மென்பொருள். அது மனிதப் பேச்சுக்காகப் பழக்கப்பட்டது. நீண்டு தேயும் தந்தி ஒலியை ஃபேன் இரைச்சல் என்று நினைத்து வெட்டும். இசை தணியும்போது அளவைத் தானே ஏற்றிவிட்டு நிஜமான ஃபேன் இரைச்சலை முன்னுக்குக் கொண்டுவரும். இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு இரண்டையும் அணைக்க வசதியுள்ள பதிவுச் செயலியைத் தேடிப் பிடியுங்கள். மிக உரத்த மீட்டலிலும் அளவுகோல் உச்சிக்குப் 10, 12 டெசிபல் கீழே நிற்கட்டும்.

ஃபேனை அணைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். காந்த விசை ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால் மோட்டாரும் மின்மாற்றியும் முனகுவது 100 ஹெர்ட்ஸில். ஆறாம் தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஜி சுரம் 98. இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஒரு விம்மல். ஜி கார்டு மட்டும் சுருதி சேராததுபோல் தோன்றினால் தந்தியை முறுக்குவதற்கு முன் ஃபேனை நிறுத்திப் பாருங்கள்.

அதே 100 படத்திலும் வந்து நிற்கும். குழல் விளக்கும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கேமராவின் ஷட்டர் 1/60இல் இருந்தால் அதோடு ஒத்துப்போகாமல் படத்தில் பட்டைகள் ஓடும். 1/50 அல்லது 1/100 வையுங்கள்.

பகல் வெளிச்சத்தில், கைப்பேசியை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்தால் ஒரு வேடிக்கை கிடைக்கும்: தந்திகள் பாம்பாக நெளியும். பலர் அதைத் தந்தியின் உண்மையான உருவம் என்றே நம்புகிறார்கள். கைப்பேசியின் உணரி ஒரு சட்டகத்தை ஒரே நொடிப்பில் பார்ப்பதில்லை. வரி வரியாகப் படிக்கிறது. நெட்டுக்குத்தாகப் பிடிக்கும்போது அந்த வரிகள் தந்திக்குக் குறுக்கே விழுகின்றன. முதல் வரி படிக்கும்போது மேலே இருந்த தந்தி, சில மில்லி வினாடி கழித்து அடுத்தடுத்த வரிகள் படிக்கும்போது கீழே போயிருக்கும். ஆறாம் தந்தி ஒருமுறை ஆட 12 மில்லி வினாடிதான். வெவ்வேறு கணங்களில் தந்தி இருந்த இடங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டிய படம் அது; காலத்தின் வரைபடம். வேண்டாம் என்றால் கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள், நெளிவு பெரும்பாலும் போய்விடும்.

இத்தனை சிக்கனத்தில் எடுப்பது உருப்படுமா என்ற சந்தேகத்துக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் ஊரில், வாடகை வீட்டின் படுக்கையறையில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நான்கு தட டாஸ்காம் கேசட் கருவி ஒன்றையும் இரண்டு ஷுர் மைக்குகளையும் வைத்துக்கொண்டு தன் புதுப் பாடல்களைப் பதிந்தார். வாத்தியக் குழுவுக்குக் காட்டத்தான் அந்தப் பதிவு. பிறகு ஸ்டூடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தார். படுக்கையறையில் வந்தது வரவில்லை. உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் வைத்துச் சுமந்த அந்தக் கேசட்டே செப்டம்பரில் ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக வெளியானது.

இவ்வளவுக்கும் பிறகு கையில் சில நூறு ரூபாய் மிச்சமிருந்தால், என் யோசனை புதுத் தந்திகள். வியர்வையும் அழுக்கும் சுற்றுகளுக்குள் ஏறிய பழைய தந்தியில் உயர்ந்த அதிர்வுகள் பிறந்த உடனே செத்துவிடுகின்றன. அவற்றை எந்த மைக்காலும், எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது. பதிவுக்கு முந்தைய நாளே மாற்றிவிடுங்கள். புதுத் தந்தி இழுபட்டுச் சுருதி நிலைக்க ஒரு ராத்திரி வேண்டும்.