அடுப்பு இல்லாத 46 நாள்: கிச்சன் கொட்டேஷன்ல வராத செலவு

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆகி, கையில கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பலருக்கு வர்ற ஆசை ஒண்ணு இருக்கு. ஊர்ல அம்மா இருபது வருஷமா புகையடிச்ச சமையலறையில நிக்கிறாங்க, அதை மாத்திக் கொடுக்கணும். நல்ல ஆசைதான். எனக்கும் இருந்துச்சு. விழுப்புரத்துல எங்க வீட்டு கிச்சனை 2024-ல மாத்தினேன். ஊருக்கே பட்ஜெட் போட்டுக் கொடுக்கிற சிஏ, என் சொந்த பட்ஜெட்ல எங்க கோட்டை விட்டேன்னு இன்னைக்கு ஓப்பனா சொல்றேன்.

கொட்டேஷன் 2,40,000 ரூபாய். பழைய கடப்பா மேடையை உடைச்சு கிரானைட், சுவர்ல டைல்ஸ், கீழ கப்போர்டு, மேல லாஃப்ட். "16 நாள் சார், தீபாவளிக்கு புது அடுப்புல பலகாரம் சுடலாம்"னு சொன்னாங்க. அக்டோபர் 14-ல ஆரம்பிச்சோம். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. வேலை முடிஞ்சது நவம்பர் 28. மொத்தம் 46 நாள்.

ஏன் இழுத்துச்சு? மேடையை உடைச்சதும் உள்ள இருந்த பழைய இரும்பு பைப் துருப்பிடிச்சுப் போயிருந்தது தெரிஞ்சுது. அதை மாத்தாம மேல டைல்ஸ் ஒட்ட முடியாது. பூச்சு வேலைக்கு தண்ணி விட்டு ஊற வைக்க ஒரு வாரம். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வர பத்து நாள். நடுவுல ஐப்பசி மழை. இதுல எதுவுமே எதிர்பாராத விஷயம் இல்ல. காலண்டரைப் பார்த்திருந்தா பாதி தெரிஞ்சிருக்கும்.

அடுப்பில்லா நாள் செலவு

கொட்டேஷன் வாங்கின அன்னிக்கே நீங்க போட வேண்டிய கணக்கு இது. சமையலறை இல்லாத ஒரு நாளைக்கு வீட்டுக்கு எவ்வளவு கூடுதலா ஆகும்?

எங்க வீட்டுல நாலு பேர்: அப்பா, அம்மா, மனைவி, நான். வழக்கமா பால், காய்கறி, மளிகை, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 350 ரூபாய். வேலை நடக்கும்போது மூணு வேளையும் வெளியில வாங்கினதுல 850 ஆச்சு. அதாவது ஒரு நாளைக்கு 500 கூடுதல். 46 நாளும் இப்படியே போயிருந்தா 23,000.

நல்லவேளை, 14 நாள்ல நிறுத்திட்டோம். காரணம் பணம் இல்ல. அம்மாவுக்கு சுகர் இருக்கு. காலையில இட்லி, மதியம் பார்சல் சாதம், ராத்திரி பரோட்டா இல்லன்னா தோசைன்னு போனதுல, ரெண்டாவது வாரம் ஃபாஸ்டிங் 130-லிருந்து 190-க்குப் போயிடுச்சு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாடு வெளியிலயா?"

தாழ்வாரத்துல தற்காலிக கிச்சன்

15-வது நாள் பின்பக்கத் தாழ்வாரத்துல ஒரு சின்ன சமையலறை போட்டோம். முதல் நாளே போட்டிருக்கணும். நீங்க செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

- இண்டக்ஷன் அடுப்பு வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுப் பாத்திரத்து அடியில காந்தம் ஒட்டுதான்னு பாருங்க. சாதாரண அலுமினிய குக்கர் அதுல வேலை செய்யாது. எங்களுக்கு அடுப்பும் ரெண்டு பாத்திரமும் சேர்த்து 3,700 ஆச்சு.
- 2,000 வாட் அடுப்பு முழு வேகத்துல ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, இண்டக்ஷன் மூணையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க. இண்டக்ஷனுக்கு பெரிய பவர் பிளக் தனியா வேணும்.
- கேஸ் அடுப்பை வெளியில வச்சா, காத்தோட்டமான இடத்துல சிலிண்டர் நிமிர்ந்து நிக்கணும், அடுப்பு சிலிண்டரை விட உயரத்துல இருக்கணும். தரையில அடுப்பு, பக்கத்துல சிலிண்டர், இந்த ஏற்பாடு வேண்டாம்.
- டைல்ஸ் வெட்டுறதை வாசல்ல வச்சுக்கச் சொல்லுங்க. உள்ள வெட்டினா தூசி அரிசி டப்பா வரைக்கும் போகும்.

இதுக்கு அப்புறம் கூடுதல் செலவு ஒரு நாளைக்கு 150-ஆ குறைஞ்சுது. முதல் 14 நாளைக்கு 7,000, மீதி 32 நாளைக்கு 4,800. ஆக மொத்தம் 11,800.

மொத்தக் கணக்கு

சாப்பாடு 11,800. அடுப்பு, பாத்திரம் 3,700. டாக்டர், டெஸ்ட் 1,800. உடைச்ச கல்லு மண்ணை அள்ள 3,500. பைப் மாத்த 14,000, கூடுதல் பிளக் பாயின்ட் 6,000. மொத்தம் 40,800. கொட்டேஷன்ல இது 17 சதவீதம். ஒரு ரூபாய் கூட என் பட்ஜெட்ல இல்ல.

அதனால கொட்டேஷனுக்கு மேல 20 சதவீதம் தனியா வச்சுட்டு ஆரம்பிங்க. 2,40,000-க்கு 48,000 சேர்த்தா 2,88,000. மாசம் 16,000 வீதம் 18 மாசம் ஆர்டி போட்டா அசலே அவ்வளவு வந்துடும், வட்டி மேல வரும். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. கிச்சன் நாள் குறிச்சு வர்ற செலவு, திடீர் செலவு இல்ல.

பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுங்க. நான் 60 சதவீதம் அட்வான்ஸ் கொடுத்தது பெரிய தப்பு. அதுக்கப்புறம் போன் பண்ணி கெஞ்ச வேண்டியதாயிடுச்சு. 20, 30, 30-னு வேலைக்குத் தகுந்த மாதிரி பிரிச்சு, கடைசி 20 சதவீதத்தை சிங்க்ல தண்ணி ஒழுகலன்னு பார்த்த பிறகு கொடுங்க. சிமென்ட் மேல ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. பழைய ரேட்டையே காட்டுறாங்களான்னும் பாருங்க.

லோன் போட்டா வரி குறையுமா?

அடிக்கடி வர்ற கேள்வி இது. நாம குடியிருக்கிற வீட்டைப் புதுப்பிக்க வாங்கின கடனோட வட்டிக்கு பழைய வரி முறையில வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரைக்கும்தான் கழிவு. 2 லட்சம் வரம்பு வீடு வாங்கவோ கட்டவோ எடுத்த கடனுக்கு. ரெண்டும் இருந்தா, இந்த 30,000 அந்த 2 லட்சத்துக்குள்ள அடங்கும். புதுப்பிக்கிற கடனோட அசலுக்குக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில இருந்தா, குடியிருக்கிற வீட்டு வட்டிக்குக் கழிவே இல்ல.

இன்னொரு முக்கியமான விஷயம்: வீடு அப்பா பேர்ல, லோன் உங்க பேர்ல இருந்தா, நீங்க அந்த வட்டியைக் காட்ட முடியாது. கழிவு வீட்டு உரிமையாளருக்குத்தான். எங்க வீடும் அப்பா பேர்லதான்.

ஆனா பில்லைத் தூக்கிப் போடாதீங்க. கிரானைட் மேடை, கப்போர்டு மாதிரி வீட்டோட நிரந்தரமா சேர்ற வேலையை, பின்னாடி வீட்டை விக்கும்போது மேம்பாட்டுச் செலவா மூலதன ஆதாயத்துல கழிக்கலாம். அப்பா செஞ்ச செலவு, வீடு உங்களுக்கு வாரிசா வந்த பிறகும் கணக்குல சேரும். சும்மா பெயின்ட், ரிப்பேர் இதுல வராது. பணத்தை பேங்க் வழியாவே கொடுங்க, ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்க.

எக்செல்ல வராத ஒரு வரி

46 நாளும் பாத்திரம் தேய்ச்சது பின்பக்கக் குழாயடியில. உட்கார்ந்து, எழுந்து, ஒரு நாளைக்கு மூணு தடவை. அம்மாவுக்கு 61 வயசு. வேலை முடிஞ்ச அன்னிக்கு சொன்னாங்க, "வெளியில சமைச்சதுகூட பரவால்லடா, உட்கார்ந்து எழுந்திருக்கதான் முடியல." பாத்திரத்துக்கு ஒரு ஆள் வச்சிருந்தா 3,000 ஆகியிருக்கும். அவங்க கேக்கல, எனக்கும் தோணல. அந்த 3,000 எனக்கு மிச்சமாச்சு, ஆனா அதை அம்மா முட்டி வலியா கொடுத்தாங்க.

வேலை முடிஞ்சு ரெண்டு நாள்ல, நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. மயிலத்துல 50 சென்டிமீட்டருக்கு மேல மழை. எங்க தாழ்வாரம் முழுக்க தண்ணி. அம்மா உள்ள புது மேடையில கஞ்சி வச்சுட்டு இருந்தாங்க. வேலை இன்னும் மூணு நாள் இழுத்திருந்தா, அந்த அடுப்பும் பிளக்கும் தண்ணியில நின்னிருக்கும். நம்ம ஊர்ப் பக்கம் இருக்கிறவங்க இந்த வேலையை தை முடிஞ்சு ஆரம்பிங்க. அக்டோபர்ல ஆரம்பிக்காதீங்க.

இந்த வாரம் ஊருக்குப் போனா, டைல்ஸ் கலர் கேக்கிறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க: "வேலை நடக்கும்போது எங்க சமைப்பீங்க, எங்க பாத்திரம் கழுவுவீங்க?" அவங்க சொல்ற பதிலுக்கு ஒரு தொகை போட்டு கொட்டேஷன்ல முதல் வரியா எழுதுங்க.