வாய் ஒன்று, மொழி வேறு

திருகோணமலைத் துறைமுகத்தினுள் நுழையும் கப்பலுக்குச் செந்நிற மிதவை இடப்புறம் அமையும். யப்பானியத் துறைமுகங்களிலோ வலப்புறம் அமையும். 1980ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்பாடு வகுத்த இரு வலய முறைகள் இவை. நிறம் ஒன்றே, பொருள் வேறு.

நேயர்களே, யப்பானிலிருந்து நம் நாட்டுக்கு வந்துள்ள மோட்டார் வண்டிகளிலும் இத்தகைய வேற்றுமை உண்டு. பழுதறியும் கருவியைப் பொருத்தும் 16 துளை வாய் பெரும்பாலும் ஒரே வடிவினது. அதன் வழியே நடைபெறும் உரையாடலின் மொழியே வேறுபடுகின்றது. ஐக்கிய அமெரிக்கா 1996ஆம் ஆண்டு வண்டிகள் முதல் பொதுமுறையொன்றைக் கட்டாயமாக்கிற்று. ஐரோப்பா 2001 முதல் புதிய பெற்றோல் வண்டிகளுக்குத் தன் விதியை வகுத்தது. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென ஆக்கப்பட்ட பழைய வண்டிகள் பலவற்றிலோ அந்தந்த நிறுவனத்தின் தனிமுறையே நிலவிற்று.

ஆகவே, அமெரிக்க முறைக்கமைந்த பொதுக்கருவியைப் பொருத்தினால் அவ்வண்டி மறுமொழி கூறாதிருக்கலாம். அதுகொண்டே வண்டியின் கணினி பழுதென முடிவுகட்டி, வேறொன்று வாங்குதல் வீண்செலவாகும். முதலில் அடிச்சட்டக இலக்கத்தை நோக்குக. அனைத்துலக முறையில் அது 17 எழுத்தெண்கள் கொண்டது. யப்பானிய உள்நாட்டு வண்டியில் அதனினும் குறுகியது. வண்டி எச்சந்தைக்குப் பிறந்ததென்று தெளிந்து, அதன் மொழியறிந்த கருவியை நாடுதலே முறையாகும்.