கேமரா வாங்கும் முன் பாஸ்வேர்டைக் கேளுங்கள்

வீட்டு வாசலைக் கண்காணிக்க வை-ஃபை கேமரா வாங்கப் போகிறீர்களா? மெகாபிக்ஸலை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். இந்தக் கேமராவும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். இதற்குள்ளும் வைரஸ் நுழையலாம்.

2016-ல் மிராய் என்ற வைரஸ் பரவியது. அட்மின், 12345 என்பன போன்று தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. கேமராக்கள் வழக்கம்போல் படம் காட்டியதால் சொந்தக்காரர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

எனவே கடையில் இவற்றைக் கேளுங்கள்:

1. முதல்முறை இயக்கும்போதே புதிய பாஸ்வேர்டு வைக்கச் சொல்கிறதா?

2. எத்தனை வருடங்களுக்கு அப்டேட் தருவார்கள்?

3. பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது? மெமரி கார்டில் மட்டும் என்றால், திருடன் கேமராவைக் கழற்றிச் சென்றால் ஆதாரமும் போய்விடும். இன்டர்நெட்டில் சேமிக்க மாதக் கட்டணம் உண்டா?

4. கரண்ட் போனால்? கேமராவோடு ரவுட்டரும் நின்றுவிடும். இரண்டுக்கும் யுபிஎஸ் தேவை.

தனி வீட்டின் வெளிச்சுவருக்கு மழை தாங்கும் மாடலை வாங்குங்கள். அபார்ட்மென்ட் என்றால், எதிர்வீட்டுக் கதவு படத்தில் விழாதபடி கேமராவைத் திருப்பி வையுங்கள். உங்கள் பாதுகாப்பு அடுத்தவருக்குத் தொல்லையாகக் கூடாது.

பொருத்திய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். கேமராவைப் பொருத்த வந்தவருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.