உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு?

காலத்தை அளந்தவர்கள் – 9

தாம்பரம் பக்கம் மொட்டைமாடி வாய்த்தவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்து பாருங்கள். நேரான ஒரு கம்பைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். பதினொன்றரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கொரு தடவை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நிழல் குறுகிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்று, மறுபடி நீளத் தொடங்கும். மிகக் குட்டையான நிழல் விழும் நேரம்தான் உங்கள் ஊரின் உச்சிப்பொழுது.

அது பன்னிரண்டு மணிக்கு வருவது அபூர்வம். பிப்ரவரி நடுவில் 12.24 ஆகிவிடும். நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கே வந்துவிடும். பூமியின் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் செய்கிற வேலை இது. ஆனால் ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தாலும் பன்னிரண்டு வராது. பன்னிரண்டு மணி ஒன்பதரை நிமிடம் வரும். இந்த ஒன்பதரை நிமிடம் வானத்தின் கணக்கு அல்ல, சர்க்கார் கணக்கு. இந்திய நேரம் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். தாம்பரம் அதற்கு மேற்கே கிட்டத்தட்ட 2.4 பாகை தள்ளியிருக்கிறது.

1906-க்கு முன்னால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. அப்போது இங்கே ஓடியது மதராஸ் நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வுக்கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் நிர்ணயித்த கணக்கு அது. தந்தி இல்லாத காலத்தில், கடல் தாண்டியிருக்கும் ஊரில் இப்போது மணி என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது? வியாழன் கிரகத்தின் நிலவுகள் கைகொடுத்தன. அவற்றில் ஒன்று வியாழனின் நிழலுக்குள் மறையும் கணம் உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணம். அந்த நேரத்தில் இந்த ஊர்க் கடிகாரம் என்ன காட்டியது, அந்த ஊர்க் கடிகாரம் என்ன காட்டியது என்று எழுதி வைத்து ஒப்பிட்டால் போதும், இடைப்பட்ட தூரம் பாகைக் கணக்கில் வந்துவிடும். பொறுமையாகப் பல இரவுகள் விழித்திருக்க வேண்டிய வேலை.

அதே 1802 ஏப்ரலில் பரங்கிமலை அடிவாரத்தில் இன்னொரு வேலை தொடங்கியது. வில்லியம் லாம்ப்டன் அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஆதாரக் கோடு ஒன்றை அளந்தார். நூறு அடி எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகள் மேல் வைத்து, வெயிலில் இரும்பு எவ்வளவு நீள்கிறது என்று வெப்பமானி வைத்துக் குறித்துக்கொண்டே நகர்ந்தார்கள். சித்திரை வெயிலில்! இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவை இங்கேதான் பிறந்தது. இன்று வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் வட்டாரம்தான் அது. அங்கே மனை வாங்கி வீடு கட்டியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

ரயில் பரவியபோது மதராஸ் நேரத்துக்கு யோகம் அடித்தது. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நடுவே அமைந்த நேரம் என்பதால் இந்திய ரயில்கள் அதையே ஏற்றுக்கொண்டன. 1881-ல் பம்பாய் கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசன் ஊர்க் கடிகாரங்களும் மதராஸ் நேரத்தையே காட்டட்டும் என்றார். அரைமணி நேரத்தைப் பறிகொடுக்க பம்பாய்க்காரர்கள் தயாராயில்லை. எதிர்ப்பு வலுத்து, இரண்டே ஆண்டில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. கடைசியில் 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் கல்கத்தாவும் பம்பாயும் தங்கள் நேரத்தை விடவில்லை, சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் வைத்திருந்தன. நாம் ஒன்பது நிமிடத்தை விட்டுக்கொடுத்தோம். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, நடைமேடைக் கடிகாரத்தில் இருந்தது மிர்சாபூர் மணிதான்.

இந்தக் கதையில் நான் கொண்டாட விரும்புவது கோல்டிங்ஹாமை அல்ல, சிந்தாமணி ரகுநாதாச்சாரியை. நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் நெடுங்காலம் உதவியாளராக இருந்தவர். 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்கச் சிறு நூல் எழுதினார். அது இந்திய மொழிகள் பலவற்றிலும் வந்தது. இவர் பெயர் நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் வர வேண்டும்.

அவர் செய்த இன்னொரு காரியம் நம் வீட்டுச் சுவர் வரைக்கும் வருகிறது. இரவில் தொலைநோக்கியில் கண் வைத்த மனிதர், பஞ்சாங்கமும் கணித்தார். பழைய வாக்கியப் பஞ்சாங்கத்தின் வாய்பாட்டை அப்படியே பின்பற்றாமல், வானத்தில் கிரகம் நிஜமாக எங்கே நிற்கிறதோ அதற்கேற்பத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கம். வைதிகர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. இன்றும் சனிப்பெயர்ச்சி வந்தால் வாக்கியம் ஒரு தேதி சொல்லும், திருக்கணிதம் வேறு தேதி சொல்லும். திருநள்ளாறு வாக்கியத்தின் பக்கம் நிற்கும். எதனால் இந்த வித்தியாசம், எந்த இடத்தில் இரண்டு கணக்கும் பிரிகின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)